மதங்கசூளாமணி இயற்றிய துறவியார்

திங்கள்தோறும் இவ்விதழில் பெரியார் ஒருவருடைய சரித்திரத்தைச் சுருக்கி வரைந்து வருகின்றோம். நம் மரபினருள் தோன்றிக் கல்வியாலும் கொடையாலும் சிறந்தோரையே பெரும்பாலும் எடுத்துக்கொள்வது வழக்கம். இம்முறை அவ்வழக்கத்தினின்றும் விலகி, நம் மரபினரல்லாத, நம் நாட்டிற் பிறந்தவருமல்லாத துறவியார் ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தோம். சாதிச் சங்கம் ஒன்றன் வெளியீட்டிற்கு இது உரியதோ என அங்கத்தினருட் சிலர் ஐயுறலாம். அவ்வையத்திற்கு விடை இச்சரித்திரத்தின் உள்ளேயே கிடக்கின்றது. ஆகலின் முன்னுரையை நீட்டாது செல்கின்றோம்.

ஈழநாட்டின் கீழ்க்கரையில், மட்டக்களப்புப் பகுதியைச் சார்ந்த காரைதீவு என்னும் ஊரில், 1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27 ஆம் நாள், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகவாகத் தோன்றியவர் மயில்வாகனனார். பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர் எனத் தமிழுலகம் போற்றியது இவரையே. அதே 1892 ஆம் ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையரவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையுடன் முதன்முறையாக அச்சேற்றினார்கள். பிறந்த குழந்தையும் வெளிவந்த நூலும் பின்னர் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தமையை எண்ணுங்கால் நமக்கு வியப்பு மேலிடுகின்றது. அவருடைய இரு பெருநூல்களுக்கும் வித்து அவ்வுரையிலேதான் கிடந்தது.

மயில்வாகனனார் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று, இளமையிலேயே கேம்பிரிட்சுத் தேர்விற் சிறந்து தேறினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் விஞ்ஞானக் கல்வியும் பெற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்வில் வென்றார்; ஈழத்தினின்றும் அத்தேர்வில் வென்றோருள் இவரே முதல்வர் என்பர். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் இவருக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகவும், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் தலைமையாசிரியராகவும் இருந்தார். பொருளும் பதவியும் கைகூடிவந்த அக்காலத்திலே, 1922 இல், அனைத்தையும் விடுத்துச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924 இல் துறவு ஏற்று விபுலாநந்தர் ஆனார்.

விஞ்ஞானம் கற்றவரும் துறவு பூண்டவருமாகிய ஒருவர் நாடக நூலாராய்ச்சியில் எவ்வாறு புகுந்தார் என்பது வினவத் தக்கதே. துறவு பூண்ட அதே 1924 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தார் நடத்திய ஆண்டு விழாவில் நாடகத் தமிழைப் பற்றி அவர் பேச நேர்ந்தது. அப்பேச்சே விரிந்து, 1926 இல் அச்சங்கத்தின் வெளியீடாக, மதங்கசூளாமணி என்னும் பெயருடன் நூல்வடிவு பெற்றது. மதங்கர் என்பது பாணர், கூத்தர் முதலிய கலைமக்களைக் குறிக்கும் பழஞ்சொல். சூளாமணியாவது முடியில் அணியும் மணி. கூத்தரெல்லார்க்கும் முடிமணியாவார் யாவர் எனின், ஆங்கில நாட்டு நாடகப் புலவராகிய ஷேக்ஸ்பியரே என்பது அடிகளார் கருத்து. அவருக்குச் செகசிற்பியார் என்று தமிழ்ப்பெயரும் சூட்டினார். ஒலியும் ஒத்து, உலகினைச் செதுக்கிய சிற்பி எனப் பொருளும் தந்து நிற்கும் இப்பெயரைக் காட்டிலும் பொருத்தமான பெயர்மாற்றத்தை நாம் கண்டிலேம்.

இந்நூல் தோன்றிய காலத்து நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். ஷேக்ஸ்பியர் 1564 இல் தோன்றி 1616 இல் மறைந்தவர். ஐரோப்பாவில் பழைய கிரேக்க இலத்தீன் கலைகள் மீண்டும் தழைத்த மறுமலர்ச்சிக் காலத்தின் பயனாக எழுந்தவை அவர் நாடகங்கள். அவரைப் பின்பற்றி எழுதியோர் அந்நாட்டிலேயே பலராயினர். அந்தோனி கிளியோபாத்திரை கதையை அவருக்குப் பின் திரைடன் என்னும் புலவர் புதிதாய் வகுத்து 1677 இல் அரங்கேற்றியது அறிஞர் அறிவர். நம் நாட்டில் ஆங்கிலக் கல்வி பரவியபின் பின்பற்றுவோர் தொகை பெருகிற்று. திருவனந்தபுரத்துப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளையவர்கள் 1891 இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார்கள். கதை இலிட்டன் பிரபு எழுதியதொன்றைத் தழுவியது. அங்கமும் களமுமாக வகுத்த முறையும் பாவின் நடையும் ஷேக்ஸ்பியரை அடியொற்றியவை. அந்நூலின் முகப்பிலுள்ள தமிழ்த்தெய்வ வணக்கமே 2021 இல் தமிழ்நாட்டு மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த சூரியநாராயண சாஸ்திரியார் ரூபாவதி, கலாவதி முதலிய நாடகங்களைச் செய்ததோடு அமையாது, 1897 இல் நாடகவியல் என்னும் இலக்கண நூலையும் யாத்தார். பம்மல் சம்பந்த முதலியார் மக்பெத்தை மகபதியாகவும், ஹாம்லெத்தை அமலாதித்தியனாகவும், வெனிசு வணிகனை வாணிபுர வணிகனாகவும் மாற்றி மேடையேற்றினார்.

இவர்களெல்லாரும் பின்பற்றிப் படைத்தோர். அடிகளார் மேற்கொண்ட வழி வேறு. அவர் நாடகம் ஒன்றும் இயற்றவில்லை. ஷேக்ஸ்பியருடைய நாடகங்கள் பன்னிரண்டை எடுத்து, அவற்றின் கதையைத் தமிழிற் கூறி, நம் பழைய நாடக இலக்கணமாகிய உரைகல்லில் உரைத்துக் காட்டினார். பின்பற்றுவோன் பிறர் அளவுகோலைக் கடன் கொள்கின்றான். அடிகளாரோ தம் வீட்டு அளவுகோலைக் கொண்டு பிறர் வீட்டுப் பொன்னை அளந்தார். நூலின் உயிர் இவ்வேறுபாட்டிலேயே உள்ளது என்பது நம் துணிபு.

அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? தமிழில் நாடக இலக்கணம் கூறிய நூல்கள் பல இருந்தன என்பதும், முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் போல்வன இறந்துபட்டன என்பதும் அடியார்க்கு நல்லார் உரையால் அறியக் கிடக்கின்றன. அவ்வுரையாசிரியர் ஆங்காங்கு மேற்கோளாக எடுத்தாண்ட சூத்திரங்களே எஞ்சியவை. நெய்வேலியிலே வாழும் நாம் மேலுள்ள மண்ணையெல்லாம் அகற்றிய பின்னரே நிலக்கரியைக் காண்கின்றோம். அடிகளாரும் அரங்கேற்று காதை உரையை அவ்வாறே அகழ்ந்து, நாடகத்தின் பொருள், சந்தி, சுவை, அவிநயம் முதலிய உறுப்புக்களைத் திரட்டி, நூலின் முதற்பகுதியாகிய உறுப்பியலில் வைத்தார். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் பன்னிரண்டும் இரண்டாம் பகுதியாகிய எடுத்துக்காட்டியலில் வருகின்றன. பத்தாம் நூற்றாண்டில் தனஞ்சயர் வடமொழியிற் செய்த தசரூபகத்தின் கருத்துக்கள் மூன்றாம் பகுதியாகிய ஒழிபியலில் அமைந்துள்ளன.

சந்தி என்பதனைச் சற்று விளக்குதல் நம் வீட்டுச் சிறார்க்கும் பயன்படும். நாடகக் கதை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்து நிலைகளிற் செல்வது. இவற்றை உழவின்மேல் வைத்துப் பழையோர் விளக்கினர். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைத்தல் முகம். நாற்று இலைவிட்டு வளர்தல் பிரதிமுகம். கதிர் கருக்கொள்ளுதல் கருப்பம். கதிர் முற்றுதல் விளைவு. அறுத்துப் போரடித்துத் தூற்றி உண்ணுதல் துய்த்தல். விருத்தாசலம், சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஊர்களினின்றும் வந்து இந்நகரியத்தில் குடியேறிய நம் குடும்பத்தார்க்கு இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை.

மக்பெத்து நாடகத்தை எடுத்து நாமே பொருத்திப் பார்ப்போம். சூனியக்காரிகள் மூவர் நீ அரசனாவாய் என உரைத்த சொல் வித்து. மனைவியின் தூண்டுதலால் விருந்தாக வந்த அரசனைக் கொல்லுதல் முளை வளர்ந்த நிலை. நண்பன் பாங்கோவைக் கொல்வித்ததும், விருந்தில் அவன் ஆவி தோன்றக் கண்டு நடுங்கியதும் கருக்கொண்ட நிலை. அரசகுமாரனும் மக்டப்பும் ஆங்கில நாட்டிற் படை திரட்டுதல் முற்றிய நிலை. பகைவர் கையால் மாண்டு தலை இழத்தல் துய்த்தல். உழவன் துய்ப்பது நெல். மக்பெத்து துய்ப்பது தான் விதைத்த தீவினை. ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் எனச் சிலப்பதிகாரங் கற்ற தமிழர்க்கு இம்முடிவு அயலாகத் தோன்றுமோ? வித்து இன்னதாயின் விளைவும் இன்னதே என்னும் நியதி இரு நாட்டிற்கும் பொது.

எனினும் இவ்வளவை எங்கும் இடையூறின்றிச் செல்லும் என்று நாம் சொல்லத் துணியோம். வடமொழி நாடக நூலார் தலைவன் கொலையுண்பதை அரங்கிற் காட்டலாகாது என்பர். நாடகம் இன்பத்தில் முடிதல் அவர் மரபு. ஷேக்ஸ்பியரோ கண்முன்னே வாட்போர் நிகழ்த்தித் தலைவனை வீழ்த்துவார். ரோமியோவும் ஜூலியத்தும் மாண்டு கிடக்கும் கல்லறையிலே நாடகத்தை முடிப்பார். தசரூபகச் சட்டத்தில் இத்துன்ப நாடகங்களை அடக்க முயல்வது அளவிற் சிறிய சட்டையைப் பெரியவனுக்கு இடுவது போலும். சுவை ஒன்பதனையும் கொண்டு அளக்கும்போது பொருத்தம் மிகுகின்றது. அமைப்பைக் கொண்டு அளக்கும்போது சிலவிடத்து இடிக்கின்றது. இக்குறை கூறுவதனால் நூலின் பெருமை குன்றாது. இன்னொரு குறையும் உண்டு: நூலின் நடை செறிவான செந்தமிழாதலின், மேடையில் நடிப்போர் கைக்கு அது எளிதிற் சென்று சேரவில்லை. புலவர் போற்றினர், நாடகக் கம்பெனியார் தம் பழைய வழியிலேயே சென்றனர்.

இனி, முன்னர்க் குறித்த ஐயத்திற்கு வருவோம். 1929 இல் தோன்றிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர் அடிகளாரே. வடலூர், சேத்தியாத்தோப்பு வழியே பேருந்திற் சென்றால் நம் நகரியத்தினின்றும் அரை நாளிற் போய் மீளத்தக்க தொலைவிலேதான் அவ்விடம் உள்ளது. அந்நாளில் நெய்வேலியில் சுரங்கமும் இல்லை, நகரியமும் இல்லை. நிலக்கரிக் கழகம் 1956 இல் வந்தது. பல்கலைக்கழகம் நிற்கும் திருவேட்களத்தை அடுத்த சேரிக்கு அப்பேராசிரியர் சென்று, பிறர் அண்ட விடாத குழந்தைகளை அருகிருத்திக் கல்வி கற்பித்தார். ஷேக்ஸ்பியரையும் சிலப்பதிகாரத்தையும் பட்ட வகுப்பிற் கற்பித்த அதே வாய் மாலையில் அகரம் சொல்லிக்கொடுத்தது.

ஆண்டைக் கருதுக. தீண்டாமையை முன்னிட்டுக் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு இருந்தது 1932 செப்டம்பரில். மதுரை மீனாட்சியம்மன் கோயிற் கதவு ஒடுக்கப்பட்டோர்க்குத் திறந்தது 1939 இல். இவற்றுக்கு இடைப்பட்ட இருண்ட காலத்திலே, கோயில் நகரமொன்றின் அருகில், உயர்ந்த பதவியில் இருந்த ஒருவர் சேரிக்குள் நடந்து செல்வது எளிய செயலன்று. மரபின் பெயராற் கூடிய சங்கத்தார் நாம். நம் பிள்ளைகளுக்கு நிதி திரட்டுகின்றோம், மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசளிக்கின்றோம், மணவினைக்கு உதவுகின்றோம். இவையெல்லாம் நம் வேலிக்கு உட்பட்டவை. வேலிக்கு அப்பாலுள்ள குழந்தைக்கு நாம் யாது செய்தோம் என்று இத்துறவியாரின் வாழ்வு நம்மை வினவுகின்றது. அவ்வினாவை அங்கத்தினர்முன் வைத்தற்கே இச்சரித்திரத்தை இவ்வெளியீட்டில் எழுதலானோம். உடன்படாதவர் எழுதி அனுப்பின் அடுத்த இதழில் வெளியிடத் தடையில்லை.

சிதம்பரத்தில் இருந்த காலத்திலே பாரதியார் பாடல்களை மாணவரிடையே பரப்பியவரும் அடிகளாரே. பாரதியாரைப் புலவராக ஏற்கப் பண்டிதருட் பலர் மறுத்த காலம் அது. பண்டிதர் பட்டம் பெற்ற ஒருவரே முன்னின்று அப்பாடல்களைக் கற்பித்தமை அவற்றிற்குப் பல்கலைக்கழகத்துள் இடந் தந்தது. பின்னர் 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்தினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த பெருமை அவருக்கு உரியது.

நாடகத்தைக் கண்ட அதே உரையில் இசையையும் கண்டார். அரங்கேற்று காதை உரையிலும் ஆய்ச்சியர் குரவை உரையிலும் உள்ள இசைக் குறிப்புக்களை, தாம் கற்ற கணிதத்தாலும் ஒலியியலாலும் தெளிந்து, மறைந்துபோன யாழ்களின் நரம்பளவையும் வடிவத்தையும் மீட்டுரைத்தார். அந்த ஆராய்ச்சி பதினான்கு ஆண்டுகளை விழுங்கியது. மதங்கசூளாமணியில் விஞ்ஞானம் வெளிப்படத் தோன்றாது. யாழ்நூலிலோ கணக்கே முன்நிற்கும். இளமையில் கொழும்பிற் கற்ற விஞ்ஞானம் வீண்போகவில்லை.

யாழ்நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5, 6 ஆம் நாட்களில் அரங்கேறிற்று. அப்போதே அடிகளார் உடல் நலிந்திருந்தார். ஈழம் மீண்ட அவர் ஜூலை 19 ஆம் நாள் கொழும்பில் இயற்கை எய்தினார். மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையில், அவர் தோற்றுவித்த சிவானந்த வித்தியாலய வளவில், மர நிழலிலே அவர் உடலை அடக்கம் செய்தனர். அவர் பாடிய செய்யுள் ஒன்று அச்சமாதியின்மேல் பொறிக்கப்பட்டுள்ளது.