கண்ணுக்குத் தெரியாததை அளந்தவர்

அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பது இன்று சாதாரணச் செய்தி. 1846-க்கு முன்போ, நோயாளியை நாலு பேர் பிடித்துக்கொள்ள, நினைவிருக்கும்போதே கத்தி வைத்தார்கள். அந்தக் கொடுமை நீங்கிய காலத்தில் மயக்க மருந்தை அளந்து கொடுக்கும் வழியைக் காட்டியவர் டாக்டர் ஜான் ஸ்னோ.

இவர் 1813 மார்ச் 15-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில், ஓர் ஏழைத் தொழிலாளியின் ஒன்பது மக்களுள் மூத்தவராகப் பிறந்தார். பதினான்காம் வயதில் நியூகாசில் நகர மருத்துவர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பின்னர் லண்டன் சென்று, 1844-ல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1846-ன் இறுதியில் ஈதர் மயக்க மருந்து லண்டனுக்கு வந்தது. சிலர் அதில் நன்கு உறங்கினர், சிலர் உறங்கவேயில்லை. காரணத்தை ஸ்னோ கண்டுபிடித்தார். காற்றின் வெப்பம் கூடினால் அது ஏற்கும் ஈதர் ஆவியும் கூடும், குளிர்ந்தால் குறையும். எந்த வெப்பத்தில் எவ்வளவு ஆவி என்று 1847-ல் அட்டவணை வகுத்தார். வெப்பம் மாறாதிருக்க, நீரில் அமிழ்த்தி வைக்கும் கருவியும் செய்தார்.

அவ்வாண்டே குளோரோஃபாம் புழக்கத்துக்கு வந்தது. 1848 ஜனவரியில், நியூகாசில் அருகே பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி, கால்விரல் நகம் எடுப்பதற்காக அதை முகர்ந்தாள். சில நிமிடங்களில் இறந்தாள். நாடே திடுக்கிட்டது. மருந்தையே ஒதுக்கிவிடச் சிலர் எண்ணினர். ஸ்னோவோ, துணியில் தெளித்துக் கொடுக்கையில் ஒரு மூச்சில் எவ்வளவு ஆவி செல்கிறதென்று தெரியாததே ஆபத்து என்றார். நூறு பங்கு காற்றில் சுமார் ஐந்து பங்குக்கு மேல் ஆவி கூடாதென வலியுறுத்தினார். விலங்குகளிடமும் தம்மிடமும் சோதித்தார். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

1853-ல் விக்டோரியா மகாராணியாரின் பிரசவத்தின்போது, கைக்குட்டையில் சிறுகச் சிறுக, 53 நிமிடம் குளோரோஃபாம் கொடுத்தார். அதன்பின் மக்களின் அச்சம் தணிந்தது. 1854-ல் லண்டனில் காலரா பரவியபோது, அது தண்ணீர் வழி வருவதைக் கணக்கெடுத்துக் காட்டியவரும் இவரே. 1858 ஜூன் 16-ல், 45-ஆம் வயதில் மறைந்தார்.

ஸ்னோ தொடங்கிய அளவெடுப்பு இன்று அறுவைக் கூடத்தில் இருப்போர் அனைவருக்கும் காவலாகிறது. நோயாளியின் ஒவ்வொரு மூச்சிலும் உள்ள மயக்க வாயுவைக் கருவி காட்டுகிறது. கசியும் வாயுவை நாள்தோறும் சுவாசிக்கும் டாக்டர்களும் நர்சுகளும் பாதிக்கப்படாதிருக்க, அதைக் குழாய் வழியே வெளியேற்றுகிறார்கள். அறைக் காற்றையும் சோதிக்கிறார்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1977-ல் பரிந்துரைத்த வரம்பு, பத்து லட்சம் பங்கு காற்றில் நைட்ரஸ் ஆக்ஸைடு 25 பங்கு.

மாணவியரே, ஆய்வுக்கூடத்தில் அளவெடுக்கும்போது சலிப்புத் தட்டினால், அந்தப் பதினைந்து வயதுச் சிறுமியை நினைத்துக்கொள்வோம்.