மருந்துக்கு முன் மனம்: வைத்தியரத்தினம் பி.எஸ். வாரியர்

நோயுற்றவர் மருத்துவரிடம் ஒப்படைப்பது உடலை மட்டுமன்று. தம் அச்சத்தையும், குடும்பத்தின் இரகசியங்களையும், கைப்பொருளையும் சேர்த்தே ஒப்படைக்கிறார். அந்த நம்பிக்கைக்குத் தகுதியான மனத்தை மருத்துவ மாணவரிடம் எவ்வாறு வளர்ப்பது? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்தவர் வைத்தியரத்தினம் பி.எஸ். வாரியர்.

கோவையிலிருந்து வேலந்தாவளம் எல்லையைக் கடந்து, பாலக்காடு வழியாக மேற்கு நோக்கிப் பயணம் செய்தால் கோட்டக்கல் வரும். அவ்வூரில் 1869-ஆம் ஆண்டு பன்னியம்பள்ளி சங்குண்ணி வாரியர் பிறந்தார். அஷ்டவைத்தியர் மரபில் புகழ்பெற்ற குட்டஞ்சேரி வாசுதேவன் மூஸிடம் குருகுல முறையில் ஆயுர்வேதம் பயின்றார்.

பின்னர் அவருக்குக் கண்நோய் கண்டது. மஞ்சேரியில் டாக்டர் வர்கீஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதைக் குணப்படுத்தினார். வாரியர் நலம் பெற்றதோடு திரும்பிவிடவில்லை. அந்த மருத்துவரிடமே மாணவராக அமர்ந்து மூன்றாண்டுகள் மேனாட்டு மருத்துவம் கற்றார். பாரம்பரிய வைத்தியர் ஒருவர் இவ்வாறு செய்வது அக்காலத்தில் எளிதன்று. நோயாளிக்குப் பயன்படும் அறிவு எங்கிருந்தாலும் அதைப் பணிவுடன் பெற வேண்டும் என்பது மருத்துவ அறத்தின் முதற்படி. அதை அவர் பிறருக்குப் போதிக்கும் முன்பே தாம் கடைப்பிடித்தார்.

1902-ஆம் ஆண்டு கோட்டக்கல்லில் ஆர்ய வைத்திய சாலையை நிறுவினார். அதுவரை வைத்தியர் எழுதித் தரும் மூலிகைகளைத் தேடிச் சேர்த்து, கஷாயத்தை வீட்டில் காய்ச்சிக் கொள்வது நோயாளியின் பொறுப்பாகவே இருந்தது. சரக்கு கிடைக்காமலும் பக்குவம் தவறியும் துன்புற்றோர் பலர். முறைப்படி தயாரித்த மருந்துகளை ஆயத்த நிலையிலேயே வழங்க வாரியர் ஏற்பாடு செய்தார். 1903-ஆம் ஆண்டு ‘தன்வந்திரி’ என்னும் மருத்துவ இதழைத் தொடங்கினார். குடும்பங்களுக்குள் காக்கப்பட்டு வந்த மருத்துவ அறிவு அச்சேறிப் பலருக்கும் பொதுவாயிற்று.

1917-ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் ஆர்ய வைத்திய பாடசாலை உதயமானது. 1924-இல் அது கோட்டக்கல்லுக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டில் ஏழைகளுக்கான தரும மருத்துவமனையும் அங்கே எழுந்தது. இவ்விரண்டும் அருகருகே அமைந்ததில் ஆழ்ந்த பொருள் உண்டு. மாணவர் நாடி பிடித்துப் பழகியது, கட்டணம் தர இயலாத எளியோரின் கரத்தில். பொருள் தர முடியாதவரைக் கவனத்துடன் பேணும் பழக்கம் மாணவப் பருவத்தில் படிந்துவிட்டால், பிற்காலத்தில் செல்வம் வந்தாலும் அது எளிதில் அகலாது. கோட்டக்கல்லில் வாரியர் கட்டிய கைலாச மந்திரத்தின் முகப்பில் பல சமயங்களின் சின்னங்களும் இடம்பெற்றுள்ளன. துன்பத்துக்குச் சாதி, மத வேற்றுமை இல்லை என்பதை அவை மாணவருக்கு நாளும் நினைவூட்டின.

மருத்துவ மாணவருக்கு அறம் போதிப்பது நம் நாட்டில் புதிதன்று. சரக சம்ஹிதையின் விமான ஸ்தானம், பயிற்சி தொடங்கும் நாளில் குரு மாணவருக்கு அளிக்கும் உபதேசத்தை விரிவாகக் கூறுகிறது. தன் உயிருக்கே இடர் வரினும் நோயாளிக்குத் தீங்கு நினையாதிருத்தல், சிகிச்சைக்குச் சென்ற வீட்டின் செய்திகளை வெளியில் கூறாதிருத்தல், பெண்களிடம் மரியாதை காத்தல், கற்றது போதும் என்று செருக்குறாதிருத்தல் ஆகியவை அதன் சாரம். இவற்றை மனனம் செய்வது எளிது. நோயாளியின் படுக்கையருகே கடைப்பிடிப்பதே அரிது. அந்தப் படுக்கையருகே மாணவரைக் கொண்டு நிறுத்தியதுதான் வாரியரின் கல்விமுறை.

பழைய நூல்களில் உடற்கூறு பற்றிய செய்திகள் போதாமல் இருப்பதை அவர் மறைக்கவில்லை. புதிய உடற்கூற்று அறிவையும் இணைத்து ‘அஷ்டாங்க சாரீரம்’ என்னும் நூலை வடமொழியில் இயற்றி 1925-இல் வெளியிட்டார். தம் மரபின்மீது பக்தி கொண்டிருந்தும் அதன் குறையை ஒப்புக்கொண்ட இந்த நேர்மையும் மாணவருக்கு ஒரு பாடமே.

1933-இல் அரசு அவருக்கு ‘வைத்தியரத்தினம்’ பட்டம் வழங்கியது. 1944 ஜனவரி 30 அன்று அவர் மறைந்தார். அதற்கு முன்பே, தாம் வளர்த்த நிறுவனம் ஓர் அறக்கட்டளையாக இயங்குமாறு உயில் எழுதி வைத்திருந்தார். மருந்து விற்பனையின் வருவாய் மருத்துவமனைக்கும் கல்விக்கும் கலைக்கும் பயன்பட வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. அவருடைய உறவினரும் அப்பாடசாலையின் மாணவருமான பி.கே. வாரியர், நூறு வயதைக் கடந்து 2021-இல் மறையும்வரை அந்த அறக்கட்டளையை வழிநடத்தினார். தரும மருத்துவமனை இன்றும் ஆயுர்வேதம், நவீன மருத்துவம் ஆகிய இரு பிரிவுகளுடனும் பணியாற்றி வருகிறது.

2019-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், மாணவரின் மனப்பான்மை, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை ஆகியவற்றுக்கெனத் தனிப்பகுதி சேர்க்கப்பட்டுள்ளது. வரவேற்க வேண்டிய மாற்றம் இது. எனினும் வகுப்பறையில் கேட்ட அறம், ஆசிரியரின் நடத்தையில் காணும்போதுதான் மாணவரின் உள்ளத்தில் வேரூன்றும். ஏழை நோயாளி ஒருவரிடம் மூத்த மருத்துவர் எவ்வாறு பேசுகிறார் என்பதை இளையவர் கவனித்துக்கொண்டே இருக்கிறார். மருத்துவத்தைத் தொண்டாக ஏற்க விரும்பும் ஒவ்வோர் இளைஞருக்கும், அவரைப் பயிற்றுவிக்கும் ஆசிரியருக்கும் வாரியரின் வாழ்வு நல்வழி காட்டட்டும்.