திரைச்சீலையிலிருந்து நாட்காட்டிக்கு

தொலைக்காட்சிப் பெட்டி வருவதற்கு நெடுங்காலம் முன்பே வண்ணப்படம் தமிழர் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. ஆண்டுதோறும் கடைக்காரர்கள் வழங்கிய நாட்காட்டியின் மேற்பகுதியே அதன் இருப்பிடம். அந்நாட்காட்டிகளுள் பெரும்பாலானவை சிவகாசியில் அச்சானவை. அவற்றின் படங்களுக்கென ஒரு மரபை உருவாக்கியோருள் முதன்மையானவர் ஓவியர் சி. கொண்டைய ராஜு.

1898ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். ஒளியும் நிழலும் காட்டி உருவத்தைத் திரட்சியாகத் தீட்டும் மேலைநாட்டு முறை அங்கே அவருக்குக் கைவந்தது. துறவு நாட்டம் கொண்ட அவர் திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்தில் சிலகாலம் தங்கினார். இல்லறம் ஏற்கவில்லை. பின்னர் நாடகக் குழு ஒன்றில் காட்சித்திரை தீட்டும் ஓவியராகச் சேர்ந்தார்.

அக்கால நாடக மேடையில் அரசவையும் அடர்ந்த காடும் கோயில் மண்டபமும் திரைச்சீலைகளாகவே சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒரு சீலை இறங்கினால் காடு, அது உயர்ந்தால் அரண்மனை! கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் தூண்களின் வரிசை உள்நோக்கிச் செல்வதுபோலத் தோன்ற வேண்டும். நுணுக்கத்தைக் காட்டிலும் தெளிவும் அழுத்தமான வண்ணமும் அங்கே தேவைப்பட்டன. இன்றைய அசைவூட்டப் படங்களில் பின்புலம் வரைவோர் செய்யும் பணியும் ஏறத்தாழ இதுவே.

1942இல் அக்குழு கோவில்பட்டியில் கலைந்தது. பேசும்படத்தின் வரவால் நாடகத்தின் செல்வாக்கு குறைந்துவந்த காலம் அது. கொண்டைய ராஜு ஊர் திரும்பவில்லை, கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். இதையொத்த ஒரு நிகழ்வு அமெரிக்காவிலும் பின்னர் நடந்தது. திரையரங்குகளுக்காக டாம் அண்ட் ஜெர்ரி படங்களை உருவாக்கிவந்த வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா இருவரின் பிரிவை எம்.ஜி.எம். நிறுவனம் 1957இல் மூடியது. அவர்கள் தொலைக்காட்சியை நாடினர். அங்கே பணம் குறைவு. ஆகவே படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, உடல் அசையாதிருக்க வாய் மட்டும் அசையும் எளிய முறையைக் கையாண்டனர். அசைவூட்டத் தொழிலின் போக்கையே அது மாற்றியது. பழைய தொழில் கைவிட்டபோது, கைத்திறன் வேறோர் ஊடகத்திற்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்டது.

கொண்டைய ராஜுவுக்கு அவ்வூடகம் அருகிலேயே இருந்தது. 1922இல் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த ஐய நாடார், சண்முக நாடார் ஆகியோரின் முயற்சியால் சிவகாசி வளர்ந்தது. தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டியிருந்தது. அதற்கு அச்சகம் வேண்டியிருந்தது. அச்சகம் வந்தபின் நாட்காட்டி வந்தது. அவர் தீட்டிய தெய்வ உருவங்கள் அங்கே வண்ணம் வண்ணமாகப் பிரித்து அச்சிடப்பட்டன. மீனாட்சி திருக்கல்யாணம் போன்ற படங்களில் உருவங்களுக்குப் பின்னே காணப்படும் மண்டபமும் மலையும் வானமும் அவருடைய பழைய திரைச்சீலைகளை நினைவூட்டும்.

அவர் தனித்து இயங்கவில்லை. டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், மீனாட்சிசுந்தரம், செண்பகராமன் முதலிய மாணவர்கள் அவரைச் சூழ்ந்து வளர்ந்தனர். ஆசிரியர் கோடிட, மாணவர் வண்ணம் நிரப்புவது பழைய பட்டறை வழக்கம். பெயர் மட்டும் ஆசிரியருக்கே உரியதாக இருக்கும். இவரோ சில படங்களில் தம் பெயரோடு சுப்பையாவின் பெயரையும் பொறித்தார். ஆசிரியராகிய நமக்கு இச்செயல் பெரிதாகவே தோன்றுகிறது.

இப்படங்களைக் கடைத்தெரு ஓவியம் என்று ஒதுக்கியோர் உண்டு. ஒரே முகச்சாயல், மிகுந்த அணிகலன் என்னும் குறைகளில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் ஓவியக்கூடத்தின் வாயிலையே மிதித்தறியாத மக்கள், தம் வீட்டிற்கென ஓர் ஓவியத்தை இவர் வழியாகவே பெற்றனர்.

கொண்டைய ராஜு 1976இல் மறைந்தார். இன்றும் ஆடிப் பதினெட்டாம் நாளில் வரும் ஆண்டுக்கான நாட்காட்டி மாதிரிகளைச் சிவகாசி அச்சகத்தார் வெளியிடுகின்றனர். அவருடைய பழைய படங்களோ, தேதித்தாள்கள் கிழிந்து தீர்ந்தபின் கத்தரித்துச் சட்டமிடப்பட்டு, பூசையறைச் சுவர்களில் புகையேறி நிற்கின்றன. சிலவற்றின் கீழ்மூலையில் சிறிய எழுத்தில் இரண்டு பெயர்கள்.