தண்ணீர்மலையில் சார்லஸ் கர்டிஸ்

தைப்பூசத்தையொட்டி வெள்ளி இரதம் சென்று சேரும் தண்ணீர்மலையில், முருகன் கோயிலுக்குச் சற்று அப்பால் பினாங்குத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1884க்கு முன் அவ்விடம் கருங்கல் உடைத்தெடுத்த பழைய கற்சுரங்கமாகக் கிடந்தது. அதைப் பூங்காவாக்கியவர் சார்லஸ் கர்டிஸ்.

இங்கிலாந்தின் பார்ன்ஸ்டேப்பிள் நகரில் 1853இல் பிறந்த இவர், இருபத்தொரு வயதில் இலண்டனிலுள்ள வீட்ச் செடிப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அரிய செடிகளைத் தேடிவர அந்நிறுவனம் அவரை 1878இல் மடகாஸ்கருக்கும், பிறகு போர்னியோ, சுமத்ரா தீவுகளுக்கும் அனுப்பியது.

சரவாக்கில் அவர் தேடியது ஒரு கெண்டிச் செடி. மலாய்க்காரர்கள் அதனைப் பெரியுக் கெரா, அதாவது குரங்குப் பானை என்பர். மரியான் நார்த் என்ற ஓவியர் 1876இல் அதை வரைந்திருந்தார். உயிருள்ள செடியோ எளிதில் அகப்படவில்லை. அலைந்து சலித்த கர்டிஸ், செங்குத்துப் பாறையின் விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தபோதுதான் அதைக் கண்டார் என்பார்கள். சுண்ணாம்புப் பாறைப் பிளவில் மண் மிகக் குறைவு, சத்தும் குறைவு. அதனால் அச்செடியின் இலைநுனியே கெண்டியாக மாறியிருக்கிறது. வழுக்கி உள்ளே விழும் பூச்சிகள் செரித்து அதற்கு உணவாகின்றன. வேறு பல செடிகள் பிழைக்க முடியாத இடத்தில் அது பிழைப்பது இப்படித்தான்.

இந்த அனுபவத்தோடுதான் கர்டிஸ் 1884இல் பினாங்குக்கு வந்தார். பூங்காவோடு தீவின் காடுகளைக் காக்கும் பொறுப்பும் அவருடையதாயிற்று. சாதிக்காய், கிராம்புத் தோட்டங்களுக்காக மலைச்சரிவுகளில் ஏற்கெனவே நிறைய மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. விலங்கு காடு அழிந்தால் ஓடிப் பார்க்கும். மரத்தால் ஓட இயலுமா?

பூங்காவிலும் சிக்கல் இதுவே. பலவகைச் சூழல்களில் வளர்ந்தவை ஒரே பள்ளத்தாக்கில் வாழ வேண்டும். மரக்கிளையில் ஒட்டி வாழும் ஆர்க்கிட்டைத் தரையில் நட்டால் வேர் அழுகிவிடும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சப் பழகிய வேர் அது. காட்டு நிழலில் வளரும் பெரணியோ வெயிலில் கருகும். எந்தச் செடிக்கு எது தேவை என்று தெரிந்தவரால்தான் அங்கே பூங்கா அமைக்க முடியும்.

ஓய்வு நேரமென்று அவருக்குப் பெரிதாக இருந்ததாகத் தெரியவில்லை. தீவெங்கும் அலைந்து, பினாங்கில் இயற்கையாக வளரும் பூச்செடிகளையும் பெரணிகளையும் பட்டியலிட்டு 1894இல் வெளியிட்டார். அன்று இங்கு எவை வளர்ந்தன என்பதை இன்றும் அப்பட்டியலைக் கொண்டு அறியலாம்.

1903இல் ஓய்வு பெற்று அவர் தாயகம் திரும்பினார். அதன்பின் பூங்காவுக்கு ஆபத்து வந்தது. வளர்ந்துவரும் நகருக்குக் குடிநீர் தேவை என்று 1910இல் அதை நீர்த்தேக்கமாக்கத் திட்டமிட்டனர். அவர் பத்தொன்பது ஆண்டுகள் வளர்த்தவை நீரில் மூழ்கியிருக்கும். நல்லவேளையாக அத்திட்டம் நிறைவேறவில்லை.

கர்டிஸ் 1928இல் பார்ன்ஸ்டேப்பிளில் காலமானார். சுமத்ராவில் அவர் கண்டெடுத்த ஆர்க்கிட் ஒன்றுக்கு அவருடைய பெயரையே சூட்டியுள்ளனர்.