எம். ஜே. கோபாலன் சரித்திரம்

முண்டியம்பாக்கத்தில் ரயிலேறிச் சென்னைக்குச் செல்வோர், திண்டிவனத்தைக் கடந்து சிறிது தூரம் போனதும் செங்கற்பட்டு ஜில்லாவின் எல்லைக்குள் புகுகின்றனர். ஏரிகளும் நெல்வயல்களும் மலிந்த அந்த ஜில்லாவிலே மொரப்பாக்கம் என்றொரு சிற்றூர் உண்டு. இந்தியாவின் பொருட்டுக் கிரிக்கெட்டு, ஹாக்கி என்னும் இரண்டு ஆட்டங்களையும் ஆடிய ஒருவர் அவ்வூரிற் பிறந்தவர் என்பதை நம் மாணாக்கரிற் பலர் அறியார். தொலைவிலுள்ள வீரர்தம் ஓட்டக் கணக்குகளையெல்லாம் மனப்பாடமாய் ஒப்புவிக்கும் இளைஞர், ரயிற்பாதையின் அருகே தோன்றிய ஒருவரை அறியாதிருத்தல் முறையன்று எனக் கருதி, அவர் வரலாற்றை ஈண்டு எழுதலானோம்.

மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன் 1909ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் தேதி பிறந்தார். அவர் சிறுவராயிருக்கையிலேயே குடும்பத்தார் சென்னைத் திருவல்லிக்கேணியிற் குடியேறினர். சேப்பாக்கம் மைதானம் அங்கிருந்து நடந்து செல்லும் தூரமே. கடற்காற்று வீசும் அம்மைதானத்திலே பொங்கலையொட்டி ஆண்டுதோறும் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் பந்தயம் நடைபெறுவதுண்டு. நகரத்தார் அதனை ஒரு திருவிழாவாகவே கொண்டாடினர். அக்காலத்துச் சென்னைக் கிரிக்கெட்டிற் பெரும்புள்ளியாய் விளங்கிய ஸி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் இவ்விளைஞரின் வேகப் பந்துவீச்சைக் கண்டு வியந்து கைதூக்கிவிட்டார். 1926–27ஆம் ஆண்டுப் பருவத்திலே, பதினேழே பிராயத்தில், கோபாலன் முதற்றரப் பந்தயத்தில் இறங்கினார். ஜான்ஸ்டனுடைய முயற்சியால் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் அவருக்கு உத்தியோகமும் கிடைத்தது. விளையாட்டு வயிற்றுக்குச் சோறிடாது என்று பெற்றோர் கடிந்துகொண்ட அந்நாளிலே, இவருக்குச் சோறிட்டது கிரிக்கெட்டே. இதனை நம் வாசகர் மறவாதிருத்தல் வேண்டும்; பின்னர் இது பயன்படும்.

1934 ஜனவரியிற் கல்கத்தாவிலே, ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்துக் கோஷ்டியை எதிர்த்து, ஸி. கே. நாயுடுவின் தலைமையில் டெஸ்டு பந்தயம் ஆடும் பேறு அவருக்கு வாய்த்தது. 39 ஓட்டங்களுக்கு ஒரு விக்கெட்டு வீழ்த்தினார். மட்டை பிடித்து ஆட்டமிழக்காமல் 11 ஓட்டங்களும், மறுமுறை 7 ஓட்டங்களும் எடுத்தார். பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்த டெஸ்டு பிப்ரவரியில் அவரது சொந்த மைதானமாகிய சேப்பாக்கத்திலேயே நடந்தது. சென்னை கண்ட முதல் டெஸ்டு அதுவே. அதில் அவருக்கு இடமில்லை.

எனினும் அதே ஆண்டு நவம்பர் மாதம் 4ஆம் தேதி அதே சேப்பாக்கம் அவருக்கு வேறொரு பெருமையை அளித்தது. ரஞ்சித் சிங்கின் பெயரால் ஏற்பட்ட கோப்பைப் பந்தயங்களில் முதலாவதாகச் சென்னையும் மைசூரும் அன்று மோதின. முதற்பந்தை வீசியவர் கோபாலன். மைசூர் 48, சென்னை 130, மீண்டும் மைசூர் 59. ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோயிற்று. அன்றைய விக்கெட்டுகளிற் பதினொன்றை ஏ. ஜி. ராம் சிங் கவர்ந்தார் என்பதையும் நியாயங் கருதிச் சொல்லிவிடுகிறோம்.

இனி ஹாக்கி. அவ்வாட்டத்தில் அவர் நின்ற இடம் சென்டர் ஹாஃப் என்னும் நடுவிடம். முன்னணியாருக்குப் பந்தை ஊட்டுவதும், எதிரிகள் பாய்ந்து வருங்கால் பின்னணியாருக்குத் துணை நிற்பதும் அவ்விடத்தாருடைய கடமை, ஓய்வென்பது அவர்க்கில்லை. 1935இல் தியான் சந்தின் தலைமையில் நியூஸிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிய இந்தியக் கோஷ்டியில் கோபாலனும் ஒருவர். 48 பந்தயங்களில் அக்கோஷ்டி 584 கோல்கள் அடித்தது. அவற்றுள் 201 தியான் சந்துடையவை. அத்தகைய மாவீரர் காலடிக்குப் பந்தைச் சேர்ப்பித்தவர்களுள் நம் ஜில்லாப் பக்கத்தார் ஒருவர் இருந்தார் என எண்ணுங்கால் நமக்கு உவகை பொங்குகிறது.

அடுத்த ஆண்டுதான் சோதனை வந்தது. 1936ஆம் ஆண்டுக் கோடையிலே இந்தியக் கிரிக்கெட்டுக் கோஷ்டி இங்கிலாந்துக்கும், ஹாக்கிக் கோஷ்டி பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்துக்கும் புறப்படவிருந்தன. ஒருவர் இரண்டிடத்தில் இருத்தல் இயலாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தெரிந்துகொண்டு, ஹாக்கித் தேர்வுப் பந்தயங்களுக்குப் போகாது விட்டார்.

நடந்ததை உலகம் அறியும். விஜயநகரத்து மகாராஜகுமாரர் தலைமை தாங்கிய அக்கிரிக்கெட்டுக் கோஷ்டி உட்பூசலாற் பேர்போனது. லாலா அமர்நாத் யாத்திரையின் நடுவிலேயே ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலேனும் கோபாலனுக்கு இடங் கிடைக்கவில்லை. நிஸார், அமர் சிங் என்னும் இரு பெரும் வேகப் பந்துவீச்சாளர் இருக்கையில் மூன்றாமவர் பாடு எக்காலத்தும் கடினமே. மற்றொரு சென்னைவாசியாகிய கோட்டா ராமசாமி, நாற்பது வயதில் மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்டு ஆடி 40, 60 என ஓட்டங் குவித்தார் என்பதொன்றே நம்மவர்க்கு ஆறுதல். ஆகஸ்டு 15ஆம் தேதி லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்டு தொடங்கியது. அன்றும் கோபாலன் ஆடவில்லை. அதே தினம் பெர்லினிலே, மழையால் ஒரு நாள் தள்ளிப்போன ஹாக்கி இறுதிப் பந்தயத்தில், இந்தியா ஜெர்மனியை எட்டுக்கு ஒன்றாக வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

இதனைச் சொல்வோர் யாவரும் கோபாலன் தவறிவிட்டார் என்றே முடிக்கின்றனர். நாம் அங்ஙனம் கூற ஒருப்படோம். 1928, 1932 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் இந்தியாவே வென்றிருந்தது. முந்திய ஆண்டு அக்கோஷ்டியோடு உண்டும் உறங்கியும் ஆடியும் திரிந்தவர் அதன் வலிமையை அறியாதவரல்லர். அறிந்தே விட்டார். ஒரே ஒரு டெஸ்டு ஆடி, தம் ஊர் மைதானத்திலே இடமிழந்த ஒருவர், இன்னுமொரு முறை தம்மை மெய்ப்பிக்க விழைதல் இயல்பன்றோ? உத்தியோகமும் பெயரும் தந்த ஆட்டத்தைக் கைவிட மனம் வராமையும் இயல்பே. ஆகஸ்டில் நிகழ்ந்ததைக் கொண்டு அவ்வாண்டின் தொடக்கத்தில் எடுத்த முடிவை அளப்பது, விளைச்சலைக் கண்டபின் விதைத்தவனை ஏசுவது போலாம். அவருக்கு இடமளியாதவர்களைக் குறைகூறுதலே நேரிது என்பது நம் கருத்து. எனினும் பதக்கம் இல்லை என்பது இல்லைதான்.

பிறகு உலக யுத்தம் வந்து நாடுகளுக்கிடையே பந்தயங்கள் நின்றன. அவர் சென்னைக்காகவே ஆடிவந்தார்; கோஷ்டித் தலைமையும் ஏற்றார். 1951–52ஆம் ஆண்டுப் பருவம் வரையிற் களத்தில் நின்றவர், பதினேழு வயதிற் தொடங்கிய தொழிலை நாற்பது கடந்த பின்னரே விட்டார் எனலாம். அவரது கால் நூற்றாண்டு ஆட்டத்தின் நினைவாகச் சென்னைக்கும் இலங்கைக்குமிடையே கோபாலன் கோப்பை ஏற்படுத்தப்பட்டது. டெஸ்டு ஆடும் உரிமையை 1981இற் பெறுமுன், இலங்கை வீரர் பலர் திறம் காட்டிப் பழகியது இக்கோப்பைப் பந்தயங்களிலே.

2003 அக்டோபர் இறுதியில் நியூஸிலாந்தின் லிண்ட்ஸே வெயர் மறைந்ததும், உலகில் உயிரோடிருந்த டெஸ்டு ஆட்டக்காரருள் மூத்தவர் என்னும் நிலை கோபாலனுக்கு எய்தியது. இரண்டு திங்களும் நிரம்புமுன், டிசம்பர் 21ஆம் தேதி, தம் தொண்ணூற்று நான்காம் வயதில் அவர் சென்னையிற் காலமானார்.