பரீட்சைக்கு அப்பால் ஜோர்ஜ் ஓர்வெல்

பிரித்தானியப் பாடசாலைகளில் ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் பலர் ‘விலங்குப் பண்ணை’யையோ ‘1984’ நாவலையோ பரீட்சைக்காகப் படித்து வருகின்றனர். பாத்திரங்கள், குறியீடுகள், கருப்பொருள் என வகுக்கப்பட்ட குறிப்புகளை மனனம் செய்து ஒப்புவித்தால் புள்ளிகள் கிடைத்துவிடுகின்றன. மனனக் கல்வியைக் கசப்புடன் சாடிய ஒருவரின் நூல்களுக்கே இக்கதி நேர்ந்திருப்பது விசித்திரமானது. அவரது வாழ்க்கையை அறிந்தால் அந்நூல்களை வேறு கண்கொண்டு வாசிக்க முடியும் என நாம் கருதுகிறோம்.

ஜோர்ஜ் ஓர்வெல் என்பது புனைபெயர். எரிக் ஆர்தர் பிளேயர் என்பதே இயற்பெயர். 1903 ஜூன் 25 ஆம் திகதி, இன்றைய பீஹார் மாநிலத்தின் மோதிஹாரியில் அவர் பிறந்தார். தந்தையார் பிரித்தானிய இந்திய அரசின் அபின் திணைக்கள உத்தியோகத்தர். குழந்தையாயிருந்த போதே தாயார் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். எட்டு வயதில் விடுதிப் பாடசாலையொன்றில் சேர்க்கப்பட்டார். புலமைப்பரிசில் பெற்றுப் பெயர் தேடித் தருவார் என்ற எதிர்பார்ப்பிலேயே குறைந்த கட்டணத்தில் அவருக்கு அனுமதி கிடைத்தது. அங்கே வரலாறு என்பது ஆண்டுகளின் பட்டியலாகவே இருந்தது. அவ்வாண்டுகளில் நிகழ்ந்தவை ஏன் நிகழ்ந்தன என்று விளக்குவாரில்லை. பிற்காலத்தில் இதனை அவர் எழுதி வைத்தார். அக்கட்டுரை அவரது மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. 1917 இல் ஈட்டன் கல்லூரியில் சேர்ந்த அவர் அங்கு படிப்பில் சோபிக்கவில்லை, பல்கலைக்கழகமும் செல்லவில்லை.

1922 முதல் 1927 வரை பர்மாவில் பொலிஸ் அதிகாரியாகப் பணியாற்றினார். அதிகாரம் ஆளப்படுவோரை மட்டுமன்றி ஆள்வோரையும் சிறுமைப்படுத்துவதை அங்கு கண்டு பதவியைத் துறந்தார். பாரிஸிலும் லண்டனிலும் ஏழைகளோடு வாழ்ந்த அனுபவமே 1933 இல் முதல் நூலாயிற்று.

ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பில் போராடிய அவரது தொண்டையை 1937 மே மாதத்தில் துப்பாக்கி ரவையொன்று துளைத்தது. அதனினும் ஆழமான காயம் வேறொன்று. அவர் சேர்ந்திருந்த படையணியினரைத் துரோகிகள் எனத் தூற்றியவர்கள் அதே தரப்பினர். நடவாத சமர்கள் நடந்தனவாகவும் நடந்தவை நடவாதனவாகவும் பத்திரிகைகளில் அச்சேறின. பத்திரிகைத் தொழிலில் உள்ள எம்மை இன்றும் உறுத்தும் பாடம் இது.

1941 முதல் 1943 வரை பி.பி.சி.யின் கீழைத்தேய சேவையில், போர்க்காலத் தணிக்கையின் கீழ், இந்தியாவுக்கான உரைகளைத் தயாரித்தார். கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களின் ஆங்கிலப் பாடநெறிகளை ஒட்டி, தேர்ந்த எழுத்தாளர்களைக் கொண்டு இலக்கிய உரைகளை ஒலிபரப்பினார். இலங்கையில் பிறந்த தமிழரான கவிஞர் தம்பிமுத்துவும் அவரது வானொலிக் கவிதை நிகழ்ச்சியில் பங்குகொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. பாடநூலையும் உயிருள்ள குரலில் கேட்கச் செய்வதே அவர் கண்ட வழி.

சோவியத் ஒன்றியம் பிரித்தானியாவின் நேச நாடாயிருந்த வேளையில் எழுதப்பட்ட ‘விலங்குப் பண்ணை’யைப் பதிப்பாளர் பலர் ஏற்க மறுத்தனர். அது 1945 ஆகஸ்டில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு முதல் ஸ்கொட்லாந்தின் ஜூரா தீவில் தங்கி ‘1984’ ஐ எழுதலானார். காசநோய் முற்றிய நிலையிலும் கையெழுத்துப் பிரதியைத் தாமே தட்டச்சுச் செய்து முடித்தார். நாவல் 1949 ஜூன் 8 ஆம் திகதி வெளிவந்தது. 1950 ஜனவரி 21 ஆம் திகதி, 46 ஆவது வயதில், லண்டன் மருத்துவமனையொன்றில் காலமானார்.

அந்நாவலின் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தின் தொழில், பழைய செய்தித்தாள்களை அரசின் இன்றைய தேவைக்கேற்பத் திருத்துவது. ஸ்பெயினில் கண்ட பொய்யே அங்கு ஓர் அமைச்சாக உருக்கொண்டிருக்கிறது. அந்த அரசு ஆண்டுதோறும் சொற்களையும் குறைத்து வருகிறது. சொல் இல்லாதவிடத்து எதிர்ப்பு எண்ணமும் எழாது என்பதே அதன் கணக்கு.

குறிப்பேட்டின் சொற்களை மட்டும் ஒப்புவிக்கும் மாணவனும் தன்னை அறியாமலே சொந்தச் சொல்லை இழக்கிறான். பரீட்சையைத் தவிர்க்க முடியாது, புள்ளிகளும் வேண்டியவையே. ஆயினும் பரீட்சை முடிந்த பின்னர், குறிப்புகளை ஒதுக்கிவிட்டு, அந்நாவலை இன்னொரு முறை வாசிக்க வேண்டும். அதில் தனக்குப் பட்டதைத் தன் சொற்களில் சொல்லக் கூடியவனே ஓர்வெலின் மெய்யான மாணவன் எனலாம்.