மக்கத்து வணிகப் பெருமாட்டி

செல்வம் சேர்த்தவர் பலரை வரலாறு அறியும். சேர்த்ததை ஒரு பெருங்காரியத்துக்கென முற்றாக ஈந்தவர் சிலரையும் அறியும். ஈட்டவும் ஆளவும் ஈயவும் ஒருங்கே வல்லவராய், அவற்றோடு அன்னையாகவும் நிறைவெய்தியோர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத் தக்கவர் அன்னை கதீஜா (றலி) அவர்கள்.

எங்கள் ஓட்டமாவடியில் அப்பெயரைப் பெண்மக்களுக்கு விருப்பத்தோடு இடுகிறோம். ஆயினும் பெயருக்குரியவரின் வாழ்வில் ஒரு பாதியையே சொல்லி வருகிறோம் என்பது என் எண்ணம். கணவருக்காக யாவற்றையும் துறந்த பெருமாட்டி என்று மேடைகள் அவரைப் போற்றுகின்றன. துறப்பதற்கு அவரிடம் பெருஞ்செல்வம் இருந்ததே, அதை அவர் எவ்வாறு ஈட்டினார், எவ்வாறு ஆண்டார் என்பதை விரித்துரைப்பார் அரியர். அப்பகுதியையே ஈண்டு நான் முதலில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மக்கா, மலைகளுக்கிடையே கிடக்கும் வறண்ட பள்ளத்தாக்கு. நமது களப்பை அடுத்த வயல்களைப் போல நீர் பாய்ந்து நெல் விளையும் நிலமன்று. வணிகமே அம்மக்களின் உழவு. குறைஷிக் குலத்தார் மாரியில் யெமன் நாட்டுக்கும் கோடையில் ஷாம் நாட்டுக்கும் ஒட்டகக் கூட்டங்களை அனுப்பிப் பொருளீட்டினர். அக்குலத்தின் அஸத் கிளையில், குவைலித் என்பாரின் மகளாகப் பிறந்தவர் கதீஜா. முன்னர் இருமுறை மணமாகி, மக்களையும் பெற்று, பின் தனித்து நின்றவர். தனித்து நின்ற காலத்தில் அவர் ஒடுங்கிப் போகவில்லை. அவருடைய ஒட்டகக் கூட்டம் ஏனைய குறைஷியர் அனைவரின் கூட்டத்துக்கும் நிகராயிருந்தது எனப் பழைய வரலாற்று நூலோர் எழுதினர். தூயவர் என்னும் பொருள்படத் தாஹிறா என்று மக்கத்தார் அவரை அழைத்தனர்.

அவ்வணிகத்தின் முறை அறியத்தக்கது. முதலும் சரக்கும் அவருடையவை. பயணமும் உழைப்பும் பிறருடையவை. வரும் இலாபத்தில் இருவருக்கும் பங்கு. மக்காவிலிருந்து ஷாம் நாட்டுப் புஸ்றா நகர் 1,200 கிலோமீற்றருக்குக் குறையாத தொலைவு. கையை விட்டுச் சென்ற பொருள் பன்னாள் கழித்தே கணக்காகத் திரும்பும். இடையே நடப்பது எதையும் உரியவர் கண்ணாற் காண வழியில்லை. ஆதலால் இவ்வணிகத்துக்கு முதலாவது பொன்னும் தோலும் மட்டுமல்ல. ஆளை நிறுத்தறியும் அறிவே அதன் தலையாய முதல். அவ்வறிவு கதீஜா நாயகியிடம் நிறைந்திருந்தது.

நம்பிக்கைக்குரியவர் எனப் பெயர் பெற்றிருந்த இளைஞர் முஹம்மது (ஸல்) அவர்களிடம் அவர் தம் சரக்கை ஒப்படைத்தது அவ்வறிவினாலேயே. உடன் சென்ற பணியாளர் மைஸறா, திரும்பி வந்து அவ்விளைஞரின் நேர்மையையும் பண்பையும் விரித்துரைத்தார். இலாபமும் மிகுந்து வந்தது. கணக்கைப் பார்த்தவர் மனிதரையும் பார்த்தார். நபீஸா என்னும் தோழியின் வாயிலாக மண விருப்பத்தைத் தெரிவித்தவர் கதீஜா நாயகியே. கி.பி. 595 அளவில் திருமணம் நிகழ்ந்தது. அப்போது மணமகனுக்கு 25 வயது, மணமகளுக்கு 40 வயது என்பது பெருவழக்கான கூற்று. மஹராக 20 பெண் ஒட்டகங்களை மணமகன் கொடுத்தார் என்றொரு மரபும் உண்டு. மணமக்கள் வாழ்ந்தது கதீஜா நாயகியின் இல்லத்தில்.

இவ்விடத்தில் என் நெஞ்சு ஊர்ப்பக்கம் திரும்புகிறது. கீழ் மாகாணத்து முஸ்லிம்களாகிய நம்மிடையேயும் மணமகன் பெண்வீட்டுக்கே செல்கிறான். வீடு மகளுக்கு உரியது. இவ்வழக்கைக் காட்டி நாம் பெருமை பேசுவதுண்டு. ஆனால் அவ்வீட்டைக் கட்டி முடிக்க வாப்பாவும் காக்காமாரும் இளமையைத் தொலைப்பதையும், உம்மா கடல் கடந்து பிறர் வீட்டில் பணிபுரியச் செல்வதையும் காண்கிறோம். மக்கத்து வீட்டைச் சீதனமாக எவரும் கேட்டதில்லை. கொடுத்தவர் மணமகன். இவ்வேற்றுமையை மறந்துவிட்டு அன்னையின் பெயரை மட்டும் சூட்டிக்கொள்வது முறையாகுமோ?

தாயாக அவர் கண்ட இன்பமும் துன்பமும் பெரிது. காஸிம், அப்துல்லாஹ் என்னும் ஆண்மக்கள் இருவரும் மழலைப் பருவத்திலேயே மறைந்தனர். ஸைனப், றுகையா, உம்முகுல்தூம், பாத்திமா என்னும் பெண்மக்கள் நால்வரும் வளர்ந்தனர். பஞ்ச காலத்தில் அபூதாலிபின் மகன் சிறுவர் அலீயும் அவ்வீட்டில் வந்து வளர்ந்தார். அடிமையாய் வந்த ஸைத், விடுதலை பெற்று மகன்போல் வாழ்ந்தார். வறட்சியால் நலிந்து வந்த செவிலித்தாய் ஹலீமாவுக்குக் கதீஜா நாயகி 40 ஆடுகளை ஈந்தனுப்பினார் என்பர். வணிகத்தின் இலாபம் இவ்வாறு பிறர் வீட்டு அடுப்பையும் எரியச் செய்தது.

கி.பி. 610-ல் ஹிறாக் குகையில் முதல் வஹீ இறங்கியது. நபிகள் நாயகம் அவர்கள் நடுக்கத்தோடு இல்லம் திரும்பியபோது, போர்த்தித் தேற்றியவர் கதீஜா நாயகி. உறவினரைப் பேணி, எளியோரின் சுமையைத் தாங்கும் ஒருவரை இறைவன் கைவிடான் என்பதே அவர் கண்ட நியாயம். பின்னர் தம் உறவினராகிய முதியவர் வறக்காவிடம் அழைத்துச் சென்றார். முதலில் நம்பியவர் அவரே. அதனை மனைவியின் பாசம் என்று மட்டும் சொல்லி முடித்தல் பொருந்தாது. பதினைந்தாண்டுகள் உடனிருந்து நிறுத்துப் பார்த்த ஒருவரின் தீர்ப்பு அது. சரக்கை ஒப்படைத்த நாளில் செயற்பட்ட அதே அறிவு, மெய்யை ஏற்ற நாளிலும் செயற்பட்டது.

அதற்குரிய விலையை அவர் குறைவறக் கொடுத்தார். மகள் றுகையா கணவருடன் அபிசீனியாவுக்குப் புலம்பெயர்ந்தார். குறைஷிகள் ஹாஷிம் குடும்பத்தாரோடு கொடுக்கல் வாங்கலையும் மண உறவையும் தடைசெய்து, ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவர்களை அபூதாலிபின் கணவாயில் ஒதுக்கிவைத்தனர். இலைதழைகளை உண்டு உயிர் தாங்கிய நாட்கள் அவை. ஊருக்கே உணவளிக்க வல்லவராயிருந்த பெருமாட்டிக்கு, அவருடைய சகோதரன் மகன் ஹகீம் கோதுமையை மறைவாகக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதனையும் அபூஜஹ்ல் வழிமறித்தான்.

தடை நீங்கியபோது அன்னையின் உடல் தளர்ந்துவிட்டது. கி.பி. 619-ல், றமழான் மாதத்தில், அவர் மறைந்தார். ஹஜூன் என்னுமிடத்தில் நபிகள் நாயகம் அவர்களே கபுறில் இறங்கி அடக்கம் செய்தார்கள். அபூதாலிபையும் இழந்த அவ்வாண்டு துயர ஆண்டு என்று பெயர் பெற்றது.

நெல் அவித்துக் குற்றி விற்றும், இடியப்பம் அவித்துக் கொடுத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார் நம்மூரிலும் உளர். அவர்களின் உழைப்பை ஏழ்மையின் அடையாளம் என்று தாழ்வாக எண்ணுவோரும் உளர். அன்னையின் வாழ்வை முழுமையாய்க் கற்றோர் அங்ஙனம் எண்ணார். பெண் ஈட்டுதலும், ஈட்டியதைத் தானே ஆளுதலும் நம் மரபின் முதல் இல்லத்திலேயே இருந்தவை. ஆசிரியர்கள் இதனை மாணவியருக்கு உரைத்தல் வேண்டும்.

அன்னை மறைந்து ஐந்தாண்டு கழித்துப் பத்றுப் போர் நிகழ்ந்தது. சிறைப்பட்ட தம் கணவரை மீட்க மகள் ஸைனப் மக்காவிலிருந்து ஒரு கழுத்து மாலையை அனுப்பினார். அது, அவருடைய திருமணத்தின்போது தாய் அணிவித்தது. அதனைக் கண்ட நபிகள் நாயகம் அவர்கள் உள்ளம் உருகி, தோழர்களின் இசைவோடு, கைதியையும் விடுவித்து மாலையையும் திருப்பியனுப்பினார்கள். ஷாம் நாடுவரை சென்று பெருகிய அச்செல்வத்தில் மகளின் கையில் எஞ்சியிருந்தது அந்த மாலை. அன்றும் அது ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைக்கவே பயன்பட்டது.